மஞ்சள் கடுதாசி

காலை எட்டுக்கு முன் அழைக்கக் கூடாது, அது சட்டம்.
எட்டு ஒன்றுக்கு அடிக்கிறது மணி.
மார்லிஸ் கையிலிருந்த காப்பியைக் கீழே வைக்கவில்லை.
முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் போர்வை துவைத்த கை,
விரல் நுனிகள் ஊறிப்போய்
உலர்ந்த திராட்சை மாதிரி.

டுலூத்தில் ஜனவரி.
கரையோரம் உறைந்துவிட்ட ஏரி
நடுவில் மட்டும் கறுத்துப் புகைகிறது.

இன்றைக்குப் பேசுகிறவன் டெலானி. சளி பிடித்த குரல்.
போன வாரம் இதே கடனுக்கு வேறொருவன்.
மருத்துவமனை விற்றுவிட்டதாம்:
வெர்லினின் கடைசிப் பதினோரு நாட்களை
டாலருக்கு நாலு சென்ட் வீதம்
யாரோ மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள்.
கேட்டிருந்தால்
அந்த விலைக்கு அவளே வாங்கியிருப்பாள்.

"இருபது டாலராவது கட்டுங்கள். நல்லெண்ணத்துக்கு அடையாளமாக."
நோட்டில் குறித்துக்கொள்கிறாள்: 8.01. டெலானி. சளி. இருபது.
"வெந்நீரில் தேன் விட்டுக் குடி" என்கிறாள்.
அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை.
பிறகு தாளைப் பார்த்துப் படிக்கும் குரலுக்கே
திரும்பிவிடுகிறான்.

வக்கீல் சொன்னது வேறு:
இனி அட்டைக்காரர்களுக்கு ஒரு சென்ட் தராதீர்கள்,
என் கட்டணத்தை முதலில் சேருங்கள்.
ஆண்டியாவதற்கும் ஆயிரத்து ஐந்நூறு வேண்டியிருக்கிறது.
அதற்கு முன்னால் கணினியில் ஒரு மணி நேரப் பாடம்,
சிக்கனத்தைப் பற்றி,
ஒரே காப்பித்தூளில் இரண்டு முறை டிகாக்ஷன் இறக்குகிறவளுக்கு.
தேர்ச்சிச் சான்றிதழில்
அவள் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.

நம் பேச்சில் இதற்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர்.
அவளுக்கு வந்த படிவம் வெள்ளை வெளேரென்று
அறுபத்து மூன்று பக்கம்.
வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் விலை போடு என்கிறது.
பனி தள்ளும் இயந்திரம்: எண்பது.
மீன்பிடிக் கூடாரம், ஒரு பக்கம் கிழிசல்: முப்பது.
மோதிரம்: எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.
வெர்லினின் காது கேட்கும் கருவி:

கடன்காரன் மணி அடிக்கும்போதெல்லாம்
அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு
"ஏதாவது சொன்னாயா?" என்பான், சிரிக்காமல்.
அதற்குச் சந்தையில் என்ன விலை?
ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தில்தான் பேனா நின்றது.
கடன் கொடுத்தவர் ஒருவரையும் விடாமல் எழுதவும்.
உறவினர், நண்பர் உட்பட.

வங்கி எழுதியாயிற்று. அட்டைகள் இரண்டு. வண்டி.
மிச்சம் ஆரின், அவள் தம்பி.
நாலாயிரத்து இருநூறு, வெர்லினை அடக்கம் செய்ய.
இறுதிக் கடனுக்கு வாங்கிய கடன்.
சீட்டு இல்லை, வட்டி இல்லை,
தேவாலய வாசலில் அவள் கோட்டுப் பையில்
ஓர் உறையைச் செருகிவிட்டு
வண்டியைச் சூடாக்கப் போய்விட்டான்.
அவன் பெயரை எழுதினால்
நீதிமன்றத்திலிருந்து அவனுக்கும் கடிதம் போகும்,
வங்கிக்குப் போகிற அதே கடிதம்.
எழுதாவிட்டால் பொய்ச் சத்தியம்.

மூன்று நாள் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.

நாலாம் நாள் அவளே அழைத்தாள், ஏழே முக்காலுக்கு.
கடன்பட்டவள் எந்நேரம் அழைக்கலாம் என்று
சட்டத்தில் எதுவும் இல்லை.
பட்டறையில் இருந்தான். பின்னால் அரம் தேய்க்கும் சத்தம்.
"திரும்ப வராது, ஆரின்."
"ம்."
"உன் பேரையும் பட்டியலில் போடணுமாம்."
அரம் நின்றது. எதையோ கீழே வைத்தான்.
"என் பேரில் ஆர் ரெண்டு," என்றான்.
"ஒன்றை விட்டுவிடாதே."

எழுதினாள். அழுத்தி எழுதியதில்
கீழிருந்த பக்கத்திலும் பதிந்தது.

எட்டு ஒன்று.
மேசைமேல் இருந்த கருவியை எடுத்துத்
தன் காதில் பொருத்திப் பார்த்தாள்.
பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது.
மணி கொஞ்சம் தூரத்தில் கேட்டது.